ஒன்றுமே தெரியவில்லை என்றார் அண்ணன்

நெஞ்சுச் சோதனை முடிந்து வந்த அண்ணன் அன்று மாலை அடித்த தம்பட்டம் இருக்கிறதே, தெருக்கோடி வரை கேட்டிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு முன்னாடி போன ஆளு வெளிய வந்து, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு சார்னு அழாத குறையாச் சொல்றார். நர்ஸம்மா வேற, மூஞ்சி எரியும், மூச்சு முட்டும், பயந்துடாதீங்கன்னு ஏகப்பட்ட பில்டப். சரி, பாத்துடலாம்னு படுத்தேன். மருந்து ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியல! கொட்டாவிதான் வந்துச்சு. அந்தம்மாவே குழாயத் தொட்டுத் தொட்டுப் பாக்குது, மருந்து இறங்குதா இல்லையான்னு!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இதயத் தசைக்கு ரத்தம் போவதில் குறை ஏதும் தெரியவில்லை என்று மாலையிலேயே முடிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை அண்ணன் மறுபடி பஸ்ஸை எடுக்கலாம்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனின் தங்கை, நாற்பதைத் தாண்டியவள். காதோரம் நரை. மருந்தியல் ஆய்வகத்தில் நான்கு பேரை வேலை வாங்குகிறவள். ஆனாலும் அண்ணன் வாய்க்கு அவள் பாப்பாதான். அண்ணிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது, இனி அது மாறப்போவதில்லை. அப்பா போன பிறகு அவளைக் கரையேற்றியது அண்ணன் பிடித்த ஸ்டியரிங்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளும் ஒரு நாளும் மறந்ததில்லை.

போன மாதம் ஓடுகிற பஸ்ஸில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஓரம் கட்டினார், அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றார். டிப்போவில் விடவில்லை. இதயச் சோதனையில் குறை இல்லை என்று தெரிந்தால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மாதம் அண்ணி பட்ட பாடு! மனுஷர் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். குக்கர் ஏன் இப்படி விசில் அடிக்கிறது, குழாய் ஏன் சொட்டுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் ரிவர்ஸ் எடுக்கிற லட்சணம் இதுதானா என்று எதிலும் மூக்கை நுழைப்பார். கடைசியில் அண்ணியே, "இவரு பஸ்ல போனாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

அதனால் அந்த மாலை அப்படி ஒரு சந்தோஷம். பாப்பா நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

மறுநாள் ஆய்வகம். அவள் வேலை என்னவென்று கேட்டால் அண்ணன், "ஆட்டு ரத்தக்குழாயக் கொக்கியில மாட்டி வேடிக்கை பாக்குறா" என்பார். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து ஆட்டு இதயங்கள் குளிர்ந்த உப்புக் கரைசலில் வரும். அவற்றின் மேலே கொடிபோல் ஓடும் ரத்தக்குழாயைக் கொழுப்பு நீக்கி எடுத்து, சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கி, இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவாள். உள்பக்கம் கருவி பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த வளையம் வீண். உடம்புச் சூட்டில் இருக்கும் கண்ணாடிக் குழலுக்குள் வளையம் தொங்கும், அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழி விடும். வளையம் எவ்வளவு இறுக்கமாக இழுக்கிறது என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும். இறுக்கும் மருந்தை விட்டால் கோடு ஏறும். பிறகு அடினோசினை விட்டால் குழாய் தளர்ந்து விரியும், கோடு சரசரவென்று இறங்கும்.

இந்த அடினோசின் வெளியிலிருந்து வந்த சரக்கில்லை. இதயத் தசை மூச்சுத் திணற உழைக்கும்போது, தன் சக்தியைச் செலவழித்த கையோடு தானே உண்டாக்குவது. 'எனக்கு ரத்தம் போதவில்லை, கொஞ்சம் விரிந்து கொடு' என்று குழாயிடம் அது கேட்கும் கேள்வி. நல்ல குழாய் உடனே விரிந்து கொடுக்கும். அடைத்துக் கிடக்கும் குழாயால் முடியாது. அண்ணனுக்குச் செய்த சோதனையும் இதுதான்: அடினோசினை ஊசி வழியாக ஏற்றி, எந்தப் பக்கம் ரத்தம் பாய்கிறது, எந்தப் பக்கம் பாயவில்லை என்று படம் எடுப்பது.

பக்கத்து மேசையில் முயல் சிறுநீரகத்துக் குழாய்களோடு மாரடிப்பவருக்குக் கிட்னி சார் என்று பெயர். அங்கே அடினோசின் குழாயைச் சுருக்கும். "ஒரே ஆளு, உங்க வீட்டுக்கு வந்தா தாராளம், எங்க வீட்டுக்கு வந்தா கஞ்சத்தனம்" என்று அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். பாப்பாவும் வாரத்துக்கு ஒரு முறை சிரித்து வைப்பாள்.

அன்றைய வேலையில் புதுமை ஒன்றுமில்லை. முதலில் தியோஃபிலின் விட வேண்டும். அது காபியில் இருக்கும் கஃபீனுக்கு உடன்பிறப்பு. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு அடினோசினை விட்டால் குழாய் அசையக் கூடாது. அசையவில்லை என்றால் சோதனை சரி. நூறு முறை பார்த்ததுதான். விட்டாள். கோடு ஏறினபடியே நின்றது. இன்னும் கொஞ்சம் அடினோசின். கோடு அசையவில்லை.

மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, வளையத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த பிப்பெட்டைக் கீழே வைத்தாள். ஒண்ணுமே தெரியல பாப்பா, கொட்டாவிதான் வந்துச்சு. ஐயோ, அது பெருமைப்படுகிற விஷயமா! அடினோசின் வேலை செய்தால் மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா? முகம் சிவக்கும், நெஞ்சு அழுத்தும், மூச்சு வாங்கும். இரண்டொருவருக்குத் தெரியாமலும் போகலாம், உண்மைதான். ஆனால் ஒன்றுமே தெரியாத ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் அவள் ஒவ்வொரு மாணவனிடமும் கத்திக் கத்திக் கேட்பாள்: மருந்துக்கு முன்னாடி என்ன உள்ளே போச்சு?

காபி போகவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சோதனைக்கு முந்தின நாள் காலையிலிருந்தே அண்ணனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவள் அவள்தான். காபி கூடாது, டீ கூடாது, சாக்லேட் கூடாது, கோலா கூடாது என்று அண்ணியிடம் படித்துப் படித்துச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் காபி குடிக்கிற மனுஷர். "கைதிக்குக்கூட காபி உண்டு" என்று முணுமுணுத்தாலும் வாயில் வைக்கவில்லை. அதனால்தான் சோதனைக்குப் போன காலையில் தலை வெடிக்கிற மாதிரி வலி.

தலைவலி.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த பெஞ்சில் அண்ணன் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா தன் கைப்பையைத் திறந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து, தண்ணீர் பாட்டிலையும் நீட்டி, "போட்டுக்கோங்கண்ணா, சரியாயிடும்" என்றாள். சரியாகித்தான் போயிற்று.

அவள் எழுந்துபோய் அலமாரியில் இருந்த பையை எடுத்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். சாதாரண மாத்திரையைவிட வேகமாகக் கேட்கும் என்று இந்த வகையைத்தான் அவள் எப்போதும் வாங்குவாள். ஏன் வேகமாகக் கேட்கிறது? பாரசிட்டமாலோடு கஃபீனும் சேர்ந்திருப்பதால். காபியை நிறுத்தினவனுக்கு ஏன் தலை வலிக்கிறது? தடுக்க ஆளில்லாமல் அடினோசின் தலையின் ரத்தக்குழாய்களை விரித்துவிடுவதால். இதை அவள் வகுப்பில் பாடமாகவே எடுக்கிறாள்! ஊரையே காவல் வைத்துக் காபியைத் தடுத்தவள், வாசலில் வைத்துத் தன் கையாலேயே அதை ஊட்டிவிட்டாள். படித்த முட்டாள், படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வேளை இரண்டு மாத்திரை போதாதோ? அன்றைய வளையங்களில் மூன்று மிச்சமிருந்தன. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, வடிகட்டி, இரண்டு மாத்திரை போட்டவர் ரத்தத்தில் எவ்வளவு இருக்குமோ ஏறக்குறைய அவ்வளவு ஒரு குழலில் விட்டாள். இன்னொன்றில் வெறும் பாரசிட்டமால். மூன்றாவதில் ஒன்றுமில்லை. பிறகு மூன்றுக்கும் அடினோசின்.

ஒன்றுமில்லாத வளையம் தளர்ந்தது. பாரசிட்டமால் விட்டதும் தளர்ந்தது. மாத்திரை விட்ட வளையம் மட்டும் லேசாக அசைந்துவிட்டு அப்படியே நின்றது. அதைக் கழுவி, மறுபடி கழுவி, புதுக் கரைசல் ஊற்றி, அடினோசின் விட்டாள். இப்போது கோடு அழகாக இறங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு சோதனை பொய்த்துப்போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அது பொய்க்கவில்லை.

கிட்னி சார் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கிண்டல் எல்லாம் அடங்கிப்போனது.

"இது கண்ணாடிக் குழல்ம்மா. மனுஷன் உடம்பு வேற. அவங்க பாத்து நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் நீங்க ஏன் கிளறணும்?"

"நல்லாவே இருக்கலாம் சார். ஆனா நல்லா இருக்கான்னு இதுவரைக்கும் யாரும் பாக்கல. கேள்வியே கேக்காம பதில் வந்திருக்கு."

அவர் திரையில் இருந்த கோடுகளை ஒரு முறை பார்த்துவிட்டு, "சொல்லிடுங்க" என்றார்.

சொல்வது என்ன அவ்வளவு லேசா? மனுஷர் ஒரு மாதம் கழித்து நேற்றுத்தான் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் போய் இவள் பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் திங்கட்கிழமை அவர் பின்னால் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை பேரும் அவர் நெஞ்சை நம்பி. இரண்டு பக்கமும் இழுத்த இழுப்பில் பாப்பா அன்று மதியம் சாப்பிடவே இல்லை. சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் டிரைவர் சீட்டில் போட்டுக்கொள்ளும், மணிகள் கோத்த விரிப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா! இடுப்புக்கு இது இல்லாம முடியாது. ஒரு மாசம் சும்மா கிடந்து தூசி ஏறிப்போச்சு."

பாப்பா வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அண்ணன் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவருக்குப் புரியவில்லை.

"ஒரு மாத்திரைக்குப் போய் அவ்வளவு பெரிய மெஷின் ஏமாந்துடுமா?"

"மெஷின் ஏமாறலண்ணா. மருந்துதான் வேலை செய்யல. உங்க பஸ்ல ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு பிடிப்பாங்க இல்ல? அந்த மாதிரி கஃபீன் முன்னாடியே ஏறித் துண்டப் போட்டுடுச்சு. நிஜமான ஆளு ஏறி வந்தாரு, உக்கார இடமில்லாம இறங்கிப் போயிட்டாரு. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்ததுக்குக் காரணம் அதுதான்."

"துண்டப் போட்டது யாரு?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்."

"நீதான கொடுத்த! நானா கேட்டேன்? கையில திணிச்சு, தண்ணியும் கொடுத்து, போட்டுக்கோங்கண்ணான்னு..." அண்ணன் குரல் ஏறியது. "இப்ப வந்து கணக்குத் தப்புங்கிற. எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன் பாப்பா. முடியாது. என்னால மறுபடி போய்ப் படுக்க முடியாது. நான் நல்லா இருக்கேன்."

"நல்லா இருந்தா அது மறுபடியும் நல்லாத்தான் காட்டும்."

"காட்டலன்னா?"

உள்ளேயிருந்து வந்த அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படி ஏதாவது ஆனாலும் நான் வண்டிய ஓரம் கட்டிட்டுத்தான் சாவேன்" என்றார் அண்ணன். "ஒரு பயணி மேலயும் கீறல் படவிட மாட்டேன். அன்னைக்கும் ஓரம் கட்டினேன்ல?"

"கட்டினீங்க" என்றாள் பாப்பா. "கட்டினது ஞாபகம் இருக்கில்ல உங்களுக்கு?"

அவள் வாதத்துக்காகக் கேட்கவில்லை. சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டாள். ஆனால் அண்ணன் விரிப்பை எடுத்துத் திருப்பிப் போட்டார். காய்ந்த பக்கத்தையே மறுபடி மேலே வைத்தார்.

"இல்ல" என்றார் கடைசியில். "மார்க்கெட்டுக்கிட்ட நெஞ்சு பிடிச்சுது. அது ஞாபகம் இருக்கு. அடுத்தது ஸ்கூல் தாண்டி வண்டி நிக்குது. நடுவுல ரெண்டு ஸ்டாப். எப்படி வந்தேன்னு தெரியாது. யாரு இறங்கினா, யாரு ஏறினா, யாராவது குறுக்க வந்தாங்களா... ஒண்ணுமே தெரியல பாப்பா."

அண்ணிக்கு அது அன்றுதான் தெரியும். அவர் வந்து அண்ணன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "நாளைலேருந்து வீட்ல யாருக்கும் காபி கிடையாது" என்றார். மறுபடி சோதனைக்குப் போக அண்ணன் ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

டிப்போவுக்கு இடுப்புவலி என்று சொல்லி அண்ணன் நாள் தள்ளினார். இதய டாக்டரிடம் பாப்பா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நல்லவேளை சொன்னீங்க" என்று மட்டும் சொல்லி நாள் குறித்தார்.

அந்தக் காலையும் அண்ணனுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா கைப்பையையே எடுத்து வரவில்லை.

டாக்டர் அவளைக் கதவோரம் நிற்க விட்டார். அண்ணன் படுத்தார். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். மருந்து ஏறத் தொடங்கியது. இந்தத் தடவை கொட்டாவி வரவில்லை. கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது. அண்ணன் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். இழுத்தது போதாமல் மறுபடி இழுத்தார். கட்டில் விளிம்பைக் கையால் இறுகப் பிடித்தார்.

"பாப்பா! நெஞ்சு அமுக்குது. நிறுத்தச் சொல்லு!"

பாப்பாவுக்குக் கால் முன்னே ஓடப் பார்த்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மருந்தை நிறுத்தின சில நொடியில் அது ரத்தத்திலேயே கரைந்து காணாமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் பக்கத்திலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். தெரிந்து என்ன? கூடப் பிறந்தவன் கூப்பிடுகிறான், போகாமல் நிற்கிறாள்.

"போயிடும்ணா! இப்பப் போயிடும்! மூச்ச இழுத்து விடுங்கண்ணா!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுதுகொண்டிருந்தாள். அவர் கேட்டாரோ இல்லையோ, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மருந்தை நிறுத்தினார்கள். சிவப்பு வடிந்தது. கை தளர்ந்தது.

படங்கள் வர மதியம் ஆயிற்று. டாக்டர் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். இதயத்தின் முன்பக்கச் சுவரில் ரத்தம் பாய வேண்டிய பெரிய பகுதி, மருந்து ஏறிய நேரத்தில் இருண்டு கிடந்தது. முக்கியமான குழாயில்தான் அடைப்பு இருக்க வேண்டும். இன்றைக்கே சேர வேண்டும், நாளைக்கு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்துச் சரி செய்துவிடலாம், பிழைத்து நன்றாக இருப்பீர்கள் என்றார். "ஆனா பஸ்ஸ மறந்துடுங்க" என்றார்.

அண்ணி அப்பாடா என்று பெருமூச்சு விட்டு அழுதார். அண்ணன் எழுந்து வராண்டாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாப்பா பக்கத்தில் உட்காரத் தயங்கி நின்றாள். அவர் தட்டிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

"உன் ஆடுங்களுக்கும் இப்படித்தான் இருக்குமா பாப்பா? நெஞ்சு அமுக்கி..."

"என்கிட்ட இதயம் மட்டுந்தான்ணா வரும். ஆடு இருக்காது."

"அப்ப நான் தேவலை" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "டிப்போவுக்குப் போன் போடு. நீயே பேசு. என்னால முடியாது."

பாப்பா போட்டாள். தங்கச்சி பேசுகிறேன் என்றாள். டிப்போ மேலாளர் அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமாக, "இடுப்பு சரியாயிடுச்சா? என்னைக்கு வர்றார்? வண்டி அவருக்காகத்தான் நிக்குது" என்றார். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"சார், நான்தான். இடுப்பெல்லாம் இல்ல சார், நெஞ்சு. இனிமே நான் ஓட்ட மாட்டேன். வேற ஆளப் போட்டுடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா சார், நிச்சயமாத்தான். இல்ல சார், யாரும் சொல்லிச் சொல்லல, நானேதான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "புதுசா வர்றவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க சார். அந்த வண்டியில மூணாவது கியர் விழாம முரண்டு பிடிக்கும். அதட்டிப் போட்டா பல்லு போயிடும். கிளட்ச முழுசா மிதிச்சு, மெதுவா..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. போனை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். பாப்பா அதை எடுத்துக் காதில் வைத்து, அவர் சொல்லவந்ததை முழுக்கச் சொல்லி முடித்தாள்.